எண் மாறாமல், பொருள் மாறாமல்: மருத்துவ ஆய்வைத் தமிழ் வாசகருக்கு எழுதும் முறை

மருத்துவ எழுத்தாளர் ஒரு காலத்தில் பெயரே வெளியில் தெரியாத ஆள். மருத்துவர் தரவைக் கொடுப்பார், இவர் அதை இதழுக்கு ஏற்ற ஆங்கிலக் கட்டுரையாக்குவார். இல்லாவிட்டால் மருந்து நிறுவனத்தில் உட்கார்ந்து, மருந்து ஒழுங்குமுறைகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் 1995-ல் வெளியிட்ட ஈ3 வழிகாட்டியின் தலைப்பு வரிசைப்படி நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஆய்வறிக்கை எழுதுவார். அந்த வேலை எங்கும் போய்விடவில்லை. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் 2017-ல் ஐசிஎச் அமைப்பின் உறுப்பினரானது. இங்கும் அதே வடிவங்கள்தாம் புழக்கத்தில் உள்ளன.

மாறியது அதற்கு அப்பால் நடப்பது. ஒரே ஆய்வு முடிவு இப்போது இதழ்க் கட்டுரையாக, நோயாளிக்கான எளிய சுருக்கமாக, பலதுறை மருந்தகத்தில் வைக்கும் துண்டுப்பிரசுரமாக, வானொலியில் ஒரு நிமிடப் பேச்சாக, கடைசியில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படமாகப் போகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் எதோ ஒன்று உதிர்ந்துவிடும். பெரும்பாலும் உதிர்வது மூன்று: எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில், யாருக்குப் பொருந்தும். இவை மூன்றும் கடைசிப் படம்வரை பிழைத்திருக்கச் செய்வதுதான் இன்றைய மருத்துவ எழுத்தாளரின் முதல் வேலை. நடையை மெருகேற்றுவது அதற்குப் பிறகு.

தாதியர், மருந்தாளர், உயிரியல் பட்டதாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள் என இந்த வேலைக்குள் வர நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்காக இந்தச் செய்முறை. ஓர் உண்மையான ஆய்வை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடப்போம். 2015 நவம்பரில் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்வு அது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழே வைத்திருந்தால் போதுமா, 120-க்குக் கீழே இறக்க வேண்டுமா என்பது அதன் கேள்வி. ரத்தக் கொதிப்பு இல்லாத வீடு நம்மிடையே குறைவு என்பதால் தேர்வு பொருத்தமானதே.

முதலில் கட்டுரையைப் படிக்கும் வரிசை

செய்தியறிக்கையையும் கட்டுரையின் தொடக்கச் சுருக்கத்தையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றை முதலில் படித்தால் மூளை அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கும். முதலில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தி. அடுத்து எதை எதோடு ஒப்பிட்டார்கள். பிறகு முதன்மை விளைவாக எதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள் என்பதை ஆய்வுப் பதிவேட்டில் பாருங்கள்; கட்டுரையில் உள்ளதும் பதிவேட்டில் உள்ளதும் வேறாக இருந்தால் அங்கேயே நின்று காரணம் தேட வேண்டும். அதன்பின் விளைவு அட்டவணை, தீங்கு அட்டவணை. சுருக்கம் கடைசியில்தான்.

ஸ்பிரின்ட்டை இப்படிப் படித்தால் கிடைப்பது: மொத்தம் 9,361 பேர், எல்லாரும் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினர், மேல் எண் 130 முதல் 180 வரை, இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள். அமெரிக்காவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் உள்ள கிளினிக்குகளில் நடந்தது. நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. முன்பே பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. இடைநிலை அளவில் 3 ஆண்டு 3 மாதம் தொடர்ந்தபின், பயன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 120 குழுவினர் சராசரியாக 2.8 மருந்துகளும் 140 குழுவினர் 1.8 மருந்துகளும் எடுத்தார்கள்.

நீரிழிவு இல்லாதவர்கள் என்ற ஒரு வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு நாட்டின் பொதுச் சராசரியைவிட அதிகம். நம் வாசகர்களில் பலருக்கு இந்த ஆய்வு நேரடியாகப் பேசவே இல்லை.

கூற்று அட்டவணை

எழுதத் தொடங்குமுன் எக்செல்லில் ஓர் அட்டவணை போடுங்கள். இதில் செலவாகும் நேரம் வீண் என்று தோன்றும். மொத்த நேரத்தில் பாதி இதற்கே போனாலும் சரிதான். ஒரு கூற்றுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள் எட்டு போதும்: கூற்று, சிகிச்சைக் குழுவில் எத்தனை பேருக்கு எத்தனை, ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேருக்கு எத்தனை, கால அளவு, சார்பு வேறுபாடு (ஒரு குழுவைவிட மற்றதில் எத்தனை விழுக்காடு கூடுதல் அல்லது குறைவு), நம்பக இடைவெளி (உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை), யாருக்குப் பொருந்தாது, மூலத்தில் எந்த அட்டவணை, எந்தப் பக்கம்.

ஸ்பிரின்ட்டின் முதன்மைக் கூற்றுக்கு அந்த வரி இப்படி நிரம்பும்:

கூற்று: மாரடைப்பு, பிற தீவிர இதயத் தாக்கங்கள், பக்கவாதம், இதயம் பலவீனமாதல், இதய-ரத்தநாளக் காரணத்தால் இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று முதன்முறை ஏற்படுதல்.
120 குழு: 4,678 பேரில் 243.
140 குழு: 4,683 பேரில் 319.
காலம்: 3.26 ஆண்டு, இடைநிலை அளவு.
சார்பு வேறுபாடு: 25 விழுக்காடு குறைவு. நம்பக இடைவெளி 11 முதல் 36 விழுக்காடு.
பொருந்தாதவர்: நீரிழிவு உள்ளவர், முன்பு பக்கவாதம் வந்தவர், 50 வயதுக்குக் குறைந்தவர்.
மூலம்: அட்டவணை எண், பக்க எண்.

பயனுக்கு எத்தனை வரி போடுகிறீர்களோ, தீங்குக்கும் வரிகள் வேண்டும். இந்த ஆய்வில் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட கடுமையான நிகழ்வுகள் 120 குழுவில் 193, 140 குழுவில் 117. ரத்த அழுத்தம் கடுமையாகத் தாழ்ந்துபோனவர்கள் அதே வரிசையில் 110, 66. மயங்கி விழுந்தவர்கள் 107, 80. அடிபடும் அளவுக்குக் கீழே விழுந்தவர்கள் 105, 110; அதாவது தெளிவான வேறுபாடு இல்லை. கடைசி எண்ணையும் அட்டவணையில் வைத்திருங்கள். ‘மருந்தைக் கூட்டினால் முதியவர்கள் விழுவார்களே’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

இதன்பின் ஒரே விதி: அட்டவணையில் இல்லாத எண் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. சுவரொட்டி, காணொளி, முகநூல் பதிவு எதுவானாலும்.

கூட்டு விளைவு ஒரு பொறி

ஸ்பிரின்ட் வெளிவந்தபோது எளிதாக எழுதிவிடக்கூடிய தலைப்பு, ‘பக்கவாதமும் மாரடைப்பும் 25 விழுக்காடு குறைகின்றன’. அது தவறு. 25 விழுக்காடு என்பது ஐந்தையும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்கு. மூட்டையைப் பிரித்தால் பக்கவாதம் 120 குழுவில் 62, 140 குழுவில் 70; மாரடைப்பு 97, 116. இவை இரண்டும் தற்செயலாக வரக்கூடிய வேறுபாட்டுக்குள் அடங்குபவை. உண்மையில் பெரிதாகக் குறைந்தவை இதயம் பலவீனமாதல் (62, 100). இதய-ரத்தநாளக் காரணத்தால் இறப்பு (37, 65). கூட்டு விளைவு வரும் ஒவ்வோர் ஆய்விலும் உறுப்புகளைத் தனித்தனி வரியாக அட்டவணையில் இறக்குங்கள். வாசகருக்கு மிகவும் தெரிந்த நோயின் பெயரை முன்னால் போட்டுத் தலைப்பு வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், மருத்துவருக்கும்.

விழுக்காட்டிலிருந்து ஆயிரம் பேருக்கு

சார்பு வேறுபாட்டை மட்டும் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு 1995 அக்டோபர் பிரிட்டன் சாட்சி. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. இரட்டிப்பு உண்மைதான்: 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவரானது. அந்த இரண்டாவது பகுதி மக்களைச் சென்றடையவில்லை. பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டது.

கணக்கு சிரமமானதல்ல. நிகழ்வு எண்ணை அந்தக் குழுவின் மொத்தத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். ஸ்பிரின்ட்டில் 319-ஐ 4,683-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 68. 243-ஐ 4,678-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 52. வேறுபாடு 16. ஒருவர் பயன்பெற எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற எண் வேண்டுமானால், 1,000-ஐச் சுற்றாத வேறுபாட்டால் வகுத்தால் ஏறத்தாழ 62 வரும். சிறுநீரகப் பாதிப்பை அதே முறையில் போட்டால் ஆயிரத்துக்கு 25 என்பது 41 ஆகிறது. அதுவும் 16 கூடுதல்.

இந்த இரண்டு 16-ஐயும் பார்த்ததும் ‘பயனும் தீங்கும் சரிக்குச் சரி’ என்று எழுதிவிடாதீர்கள். இதயம் பலவீனமாதலும் இறப்பும் ஒரு பக்கம். மறுபக்கம் இருப்பது பெரும்பாலும் மீண்டுவிடக்கூடிய சிறுநீரகப் பாதிப்பு. ஒரே எடையில்லாதவை. அதே சமயம் தீங்கை அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பதும் நேர்மையில்லை. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அடிமானத்தில் (இரண்டும் ஆயிரம் பேருக்கு), அடுத்தடுத்து வையுங்கள்:

‘இப்படிப்பட்ட 1,000 பேரை மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் கவனித்தால்: 140 இலக்கில் 68 பேருக்குக் கடுமையான இதய-ரத்தநாள நோய் வருகிறது. 120 இலக்கில் 52 பேருக்கு. அதே காலத்தில் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவோர் 140 இலக்கில் 25, 120 இலக்கில் 41.’

அடிமானம் மாறுவது அடிக்கடி நடக்கும் பிழை. பயனை ‘நூற்றுக்கு’ என்றும் தீங்கை ‘பத்தாயிரத்துக்கு’ என்றும் சொன்னால் எது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை எழுதுபவரே முடிவுசெய்துவிடுகிறார். ‘62-ல் ஒருவர்’, ‘40-ல் ஒருவர்’ என்று பின்னத்தின் மேலெண்ணை ஒன்றாக வைத்துக் கீழெண்ணை மாற்றுவதும் வேண்டாம். எது பெரிய வாய்ப்பு என்பதில் படித்தவர்களே குழம்புகிறார்கள்.

சிங்கப்பூருக்குப் பொருத்துவது

ஸ்பிரின்ட்டில் அழுத்தத்தை அளந்த விதம் வேறு. தானியங்கிக் கருவி, அமைதியான அறை, 5 நிமிட ஓய்வுக்குப் பின் மூன்று முறை அளந்து சராசரி. பல இடங்களில் அளக்கும்போது அறையில் ஊழியரே இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் உடல்நலப் பரிசோதனையில், வரிசையில் நின்று பேசிக்கொண்டே கையை நீட்டும்போது வரும் எண் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே ‘120-க்குக் கீழே கொண்டுவாருங்கள்’ என்று எழுதினால் வாசகர் அந்த எண்ணை இந்த எண்ணோடு ஒப்பிட்டு மருந்தைத் தானே கூட்டக் கேட்பார். அளக்கும் முறையை ஒரே வரியில் சேருங்கள்: உட்கார்ந்து 5 நிமிடம், பேசாமல், முதுகைச் சாய்த்து, கையை மார்பு உயரத்தில் வைத்து.

அலகுகள் இன்னொரு சிக்கல். ரத்த அழுத்தத்துக்கு ஏறக்குறைய உலகெங்கும் ஒரே அலகு. சர்க்கரைக்கு அப்படியில்லை. சிங்கப்பூர் அறிக்கையில் மில்லிமோல்; தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில் மில்லிகிராம். வெறும் வயிற்றில் 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றே. பெருக்க வேண்டிய எண் 18. கொலஸ்டராலுக்கு அது 38.67. நம் வாசகர்கள் இரண்டு கரையிலிருந்தும் செய்தி பெறுகிறவர்கள் என்பதால், சிங்கப்பூர் அலகை முதலில் போட்டு, ‘இந்தியக் காணொளிகளில் இது 126 எனக் கூறப்படும்’ என்று ஒரு வரி சேர்ப்பது உதவும். உடல் எடைக் குறியீட்டில் வரம்பே மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது வரம்பு 25, 30. சிங்கப்பூரில் 23-லிருந்து நடுத்தர ஆபத்து, 27.5-லிருந்து உயர் ஆபத்து. அமெரிக்கக் கட்டுரையில் உள்ள வரம்பை அப்படியே ஒட்டினால் இங்கே உயர் ஆபத்தில் இருப்பவருக்கு ‘உங்கள் எடை சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிடுவீர்கள்.

செயலுக்கான வரியும் இங்குள்ள அமைப்போடு பொருந்த வேண்டும். 40 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு கிளினிக்கைத் தேர்ந்து பதிந்துகொள்ளலாம். ‘உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்’ என்ற தேய்ந்த வரியைவிட, ‘அடுத்த முறை உங்கள் ஹெல்தியர் எஸ்ஜி கிளினிக்குக்குச் செல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்’ என்று அந்த மூன்றையும் எழுதிக் கொடுப்பது மேல். என் இலக்கு என்ன? வீட்டில் அளந்த எண்ணைப் பார்ப்பீர்களா? சிறுநீரக ரத்தப் பரிசோதனை எப்போது?

தமிழில் எழுதும்போது

தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் உட்காரும். ‘தலைசுற்றல் வந்தால் மருத்துவரைக் கேட்காமல் ரத்தக் கொதிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது’ என்பதை அவசரமாகப் படிப்பவரின் கண் ‘மருந்தைத் திடீரென நிறுத்த’ வரை போய் அடுத்த வரிக்குத் தாவிவிடும். வரி உடைந்து ‘கூடாது’ மட்டும் கீழே விழுந்தால் இன்னும் ஆபத்து. இரண்டாக வெட்டுங்கள்: ‘தலைசுற்றுகிறதா? மருந்தைத் தொடருங்கள். அன்றே கிளினிக்கை அழையுங்கள்.’ மயங்கி விழுந்தால் 995 என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். எச்சரிக்கை வாக்கியம் எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் அதை வெட்ட இடம் இருக்கிறது என்று பொருள்.

சொற்களில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறோம், இவைதாம் அதிகம் இடறுபவை. ‘இதயச் செயலிழப்பு’ என்றால் பலர் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை ‘இதயம் பலவீனமாகி, போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை’ என்று விரித்தெழுதுங்கள். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்பதைப் புள்ளியியல் பொருளில் பொதுமக்கள் பிரதியில் எழுதவே வேண்டாம், வாசகர் அதைப் ‘பெரிய வேறுபாடு’ என்றே படிப்பார்; ‘தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு’ போதும். ‘மருந்தகம்’ சிங்கப்பூரருக்குக் கிளினிக், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியருக்கு மருந்துக்கடை. வெளிநாட்டு ஊழியர்களுக்கான பிரதியில் ‘கிளினிக்’ என்றே எழுதுங்கள். மற்றபடி அமைப்புகள், திட்டங்களின் பெயர்களுக்கு அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புத் தளமான எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதரைப் பார்த்துக்கொள்ளலாம். நாமே ஒரு பெயர் உண்டாக்கினால் அரசாங்கச் சுவரொட்டியும் நம் பிரதியும் இரண்டு திட்டங்களைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

மருந்தளவில் சுருக்கம் கிடையாது. ‘மி.கி.’, ‘மை.கி.’ என்று எழுதினால் ஒரே ஓர் எழுத்தில் ஆயிரம் மடங்கு வேறுபாடு தொங்கும். மில்லிகிராம், மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதுங்கள். புள்ளிக்கு முன்னால் சுழியம் வேண்டும்: 0.5. முழு எண்ணுக்குப் பின்னால் சுழியம் வேண்டாம்: 5.0 மில்லிகிராமில் புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். ‘மூன்று வேளை’ என்றால் வாசகர் காலை, மதியம், இரவுச் சாப்பாட்டோடு போடுவார். 8 மணி நேர இடைவெளி முக்கியமான மருந்தென்றால் நேரத்தையே எழுதுங்கள். பாராசிட்டமோல் போன்றவற்றில் உச்ச வரம்பை மாத்திரை எண்ணிக்கையிலும் சொல்ல வேண்டும்: பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை, 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது, சளி மருந்திலும் இதே பொருள் இருக்கலாம், அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அச்சில் கெடுவது

நான்கு மொழிப் பிரசுரங்களில் ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்துக்குள் தமிழைத் திணிப்பது இங்கு வாடிக்கை. எழுத்து சுருங்கும், வரி இடைவெளி நெருங்கும், எழுத்தின் மேலுள்ள புள்ளியும் வளைவும் மேல் வரியோடு முட்டும். வடிவமைப்பாளரிடம் தொடக்கத்திலேயே தமிழுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால் கருத்தைக் குறைக்க வேண்டுமே தவிர எழுத்தளவைக் குறைக்கக்கூடாது. இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் தெரிவு போடப்படாவிட்டால் கொம்புகள் இடம் மாறி ‘கொ’, ‘கோ’, ‘கை’ எல்லாம் சிதறிவிடும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாதென்றால் அவர் கண்ணுக்கு அது படாது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பையே நீங்கள் பார்க்க வேண்டும். வேர்ட் கோப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பயனற்றது. எண்ணும் அலகும் பிரிந்து வெவ்வேறு வரிக்குப் போகாதபடி இடையில் உடையா இடைவெளி வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது

எளிமையாக எழுதிவிட்டோம் என்று நாமே சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஐந்து பேரைப் பிடியுங்கள். அவர்களில் 65 வயதைத் தாண்டிய ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியர் ஒருவர், பேச்சில் சரளமாகவும் வாசிப்பில் தயங்கியும் இருக்கும் இளையர் ஒருவர் கட்டாயம். மருத்துவத் துறையில் இருப்பவர் வேண்டாம். பிரதியைக் கொடுத்து, படித்தபின் எடுத்து வைத்துவிட்டுக் கேளுங்கள்: இதைப் படித்துவிட்டு நாளைக் காலை என்ன செய்வீர்கள்? இது யாருக்கு எழுதியது? இந்த மருந்தால் என்ன கெடுதல் வரலாம்? ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள். மூத்தோர், மரியாதைக்காகவே, ‘நல்லாப் புரியுதும்மா’ என்பார்கள்.

ஐவரில் இருவர் ஒரே இடத்தில் தவறினால் அந்த வரியை மாற்றி, புதிதாக வேறு இருவரிடம் காட்டுங்கள். பழையவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். ஸ்பிரின்ட் போன்ற பிரதியில் பெரும்பாலும் விழும் இடம், நீரிழிவு உள்ளவருக்கு இது பொருந்துமா என்ற கேள்விதான். அந்தத் தகவலைக் கடைசிப் பத்தியிலிருந்து தலைப்புக்கு அடுத்த வரிக்கு ஏற்றினால் தீரும்.

மருத்துவர் திருத்தும்போது

திருத்தக் கொடுக்கும்போது பிரதியோடு கூற்று அட்டவணையையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் திருத்தம் நடைபற்றியதாகவே திரும்பி வரும். எதைச் சரிபார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்: ‘4, 7, 9-ஆம் வரிகளின் எண்கள் சரியா?’ நீங்கள் எளிமையாக்கிய இடத்தில் மருத்துவர் கலைச்சொல்லைத் திரும்பவும் புகுத்துவார். அப்போது ஐந்து வாசகர்கள் சொன்ன பதிலைக் காட்டுங்கள். வாதத்தைவிட அது விரைவில் வேலை செய்யும். இரண்டு சுற்றுத் திருத்தம் என்று முதலிலேயே பேசி வையுங்கள். மருத்துவ ஆய்வில் சேர்வோருக்கான ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கம் என்றால் விதி வேறு: ஆங்கிலப் படிவத்தின் பதிப்பு எண்ணும் தேதியும் தமிழிலும் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஏற்றபின் நன்மைக்காகக்கூட ஒரு சொல்லை மாற்றக்கூடாது.

பெயர், பணம், ஏஐ

இதழ்க் கட்டுரையில் எழுத்தாளரின் பங்கை மறைக்கும் காலம் முடிந்தது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, அதாவது ஐசிஎம்ஜெஇ, ஆசிரியர் எனப்பட நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ முக்கியத் திருத்தத்திலோ பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த எழுத்தாளர் நன்றியுரையில் பெயரோடும் ஊதியம் தந்தவர் யார் என்ற தகவலோடும் வர வேண்டும். மருந்து நிறுவனங்கள் ஆதரிக்கும் ஆய்வுகளை வெளியிடும் நெறிகளைக் கூறும் ஜிபிபி 2022 வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. பெயர் வேண்டாம், கட்டணம் கூடத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

ஏஐ கருவிகளை ஆசிரியராகக் குறிப்பிடக்கூடாது, பயன்படுத்தினால் அதைச் சொல்ல வேண்டும் என்று ஐசிஎம்ஜெஇ 2023-ல் சேர்த்தது. நடைமுறையில், முதல் வரைவின் நீளத்தைக் குறைக்கவும் மாற்றுத் தலைப்புகள் கேட்கவும் அவை உதவும். நோயாளித் தகவலையோ வெளிவராத கட்டுரையையோ பொதுக் கருவியில் ஒட்டவே கூடாது. முதலாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடும், இரண்டாவது ஒப்பந்தத்தை மீறும். ஏஐ தந்த தமிழில் மூன்று இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்: எதிர்மறைகள், எண்கள், ‘சிலருக்கு’ என்பது ‘அனைவருக்கும்’ ஆகும் இடங்கள். வெளிவந்த பிரதியிலிருந்து எண்களை மட்டும் வரிசையாக எழுதி அட்டவணையோடு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். அட்டவணையில் இல்லாத எண் ஒன்று எட்டிப்பார்த்தால் அந்தப் பத்தியை முழுதாகக் கைவிட்டு நீங்களே எழுதுங்கள்.

விளம்பரச் சட்டம் நினைவிலிருக்கட்டும். மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்தைச் சிங்கப்பூரில் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. நோய் விழிப்புணர்வுப் பிரசுரத்தில் ஒரே ஒரு வணிகப் பெயர் மட்டும் வந்தால் அது விளம்பரமாகிவிடும் அபாயம் உண்டு. மருந்துவகையின் பெயரை, தேவைப்பட்டால் பொதுப் பெயரை எழுதுங்கள். கிளினிக்குகளுக்காக எழுதும்போது ‘சிறந்த’, ‘முதன்மையான’ போன்ற புகழ்ச்சியை விட்டுவிடுங்கள். சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின் கீழுள்ள விளம்பர விதிகள் அதை ஏற்பதில்லை.

பதிப்பும் காலாவதியும்

ஒவ்வொரு பிரதிக்கும் பதிப்பு எண், எழுதிய மாதம், மறுபடி பார்க்க வேண்டிய மாதம் மூன்றும் வேண்டும். ஸ்பிரின்ட்டே இதற்கு எடுத்துக்காட்டு. 2015-ன் முடிவில் எழுதிய பிரதியில், ‘நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்துமா என்பது தெளிவில்லை’ என்ற வரி சரியானது. அவர்களிடம் இதே 120, 140 இலக்குகளை ஒப்பிட்டு 2010-ல் வந்த அக்கார்ட் ஆய்வின் முதன்மை விளைவில் தெளிவான பயன் தெரிந்திருக்கவில்லை. 2024 நவம்பரில் சீனாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12,821 பேரிடம் நடந்த பிபிரோட் ஆய்வு வந்தது. 120 இலக்கில் கடுமையான இதய-ரத்தநாள நிகழ்வுகள் 21 விழுக்காடு குறைந்தன. அந்த மாதத்தோடு பழைய வரி காலாவதி.

இணையப்பக்கத்தைத் திருத்திவிடலாம், கிளினிக்கில் உள்ள தாள்களை எடுத்துவிடலாம். வாட்ஸ்அப் படத்தைத் திரும்பப் பெறவே முடியாது. அதனால் தேதியையும் பதிப்பு எண்ணையும் படத்தின் கீழே தனிப் பட்டையாக வைக்காமல் உள்ளடக்கத்துக்கு நடுவே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் பதியுங்கள். கூடவே புதிய பதிப்பு இருக்கும் பக்கத்துக்கான கியூஆர் குறியீடு. அந்தப் பக்கத்தின் முகவரி மட்டும் எத்தனை பதிப்பு வந்தாலும் மாறக்கூடாது.